பந்தியில் உட்கார்ந்தவரைக் கேட்டீர்களா?

இரண்டு தர்ம அமைப்புகள் ஒன்றாக இணையும்போது பத்திரம் பேசப்படுகிறது, பதவி பேசப்படுகிறது, வங்கிக் கணக்கு பேசப்படுகிறது. அந்தத் தர்மத்தை நம்பி வாழ்கிறவரிடம் யாரும் பேசுவதில்லை. சூளூர்பேட்டை முதல் ராயபுரம் வரை ஒரு பார்வை.

1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை மலைக் கணவாய்களைத் தாண்டி ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கம்பெனிப் படை சிதறியது. அதன்பின் குதிரைப்படை போன வழியெல்லாம் களத்து நெல்லும் தொழுவத்து மாடும் போயின. பிழைத்தவர்கள் கால்நடையாகச் சென்னப்பட்டணம் வந்து சேர்ந்தார்கள். பட்டணத்திலும் அரிசி இல்லை. 1781இலும் 1782இலும் தெருவோரம் விழுந்து இறந்தவர்கள் ஏராளம்.

அந்தப் பஞ்சத்தில், கறுப்பர் பட்டணத்து மதிலுக்கு வெளியே வடபுறத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். ஊர் மணியக்காரரின் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. வெள்ளைக்காரர் வாயில் ‘மோனேகர் சௌல்ட்ரி’ என்று திரிந்து, ஆவணங்களிலும் அப்படியே பதிந்துவிட்டது. ஆரம்பித்த ஆண்டு 1782. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி ஹைதர் அலி சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டையில் போட்டிருந்த பாசறையில் இறந்துபோனார். போரும் பின்னர் ஓய்ந்தது. கஞ்சி அடுப்பு மட்டும் அணையவில்லை.

இணைப்பு என்ற விஷயத்தைப் பேச இந்தச் சத்திரத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தமிழர்களும் தெலுங்கர்களும் சேர்ந்து வாழும் இந்த வடகரையில், தர்மத்தோடு தர்மம் சேர்ந்த கதையின் மிகப் பழைய, மிக நீண்ட வடிவம் இதுதான். அந்தக் கதையின் ஒரு இழை இன்றைய திருப்பதி மாவட்டத்திலிருந்தே போகிறது.

கஞ்சியும் மருந்தும்

1799இல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் சென்னையில் ஏழை இந்தியருக்கென்று ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். கஞ்சித் தொட்டி ஒரு தர்மம், மருத்துவமனை இன்னொரு தர்மம். இரண்டையும் ஆரம்பித்த ஆட்கள் வேறு, காரணம் வேறு. ஆனால் இரண்டு வாசலிலும் வந்து நின்றவர்கள் ஒரே மனிதர்கள். பட்டினியால் வந்தவருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இருந்தன. காய்ச்சலோடு வந்தவருக்கு மருந்து கொடுத்து அனுப்பினால், சாப்பாடு இல்லாமல் மறுவாரம் திரும்பி வந்தார். சத்திரத்தில் இருந்தவரை வைத்தியசாலைக்கும், வைத்தியசாலையில் இருந்தவரைச் சத்திரத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதிலாக, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். தொழுநோயாளிகளுக்கான இடமும் அதோடு சேர்ந்தது.

இந்த இணைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யாருடைய வசதிக்காக இது நடந்தது? நிர்வாகிகளுக்கும் செலவு மிச்சம்தான். ஆனால் இணைப்பின் காரணம் படுத்திருந்தவரின் உடம்பில் இருந்தது. அவருக்குக் கஞ்சியும் வேண்டும், மருந்தும் வேண்டும். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் கிடைத்தால் அவர் பிழைப்பார். அதனால்தான் இந்த இணைப்பு நின்றது என்பது என் எண்ணம். அந்த வைத்தியசாலை வளர்ந்தது. பக்கத்தில் மருத்துவப் பள்ளி வந்தது. கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று 1938இல் கல்லூரியாக உயர்ந்தது. இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை அதுதான். வடசென்னைப் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டான்லி என்று சொல்ல மாட்டார்கள், கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். எத்தனையோ நிர்வாகங்கள் கைமாறின, பெயர்ப்பலகைகள் மாறின. முதலில் ஊற்றிய கஞ்சியின் பெயரை ஜனங்கள் விடவில்லை.

சத்திரமும் மறையவில்லை. அங்கேதான் வெங்கடகிரி கதைக்குள் வருகிறது. இன்று திருப்பதி மாவட்டத்தில், சேலைத் தறிகளுக்குப் பேர் போன அந்த ஊரின் வேலுகோட்டி வம்சத்து ராஜாக்கள், நெல்லூர்ச் சீமையின் மிகப் பெரிய ஜமீன்தார்கள். அவர்களின் பெயரால் சென்னையிலும் ஏழைகளுக்கென்று ஒரு சத்திரம் உண்டாயிற்று. காலப்போக்கில் மணியக்காரர் சத்திரமும் வெங்கடகிரி ராஜா சத்திரமும் ஒரே வளாகமாக, ஒரே நிர்வாகமாக ஆயின. ஆதரவற்ற முதியோர் அங்கே தங்கி வாழ்கிறார்கள். பெயர் எப்படி இருக்கிறது தெரியுமா? ‘மணியக்காரர் சத்திரம் மற்றும் வெங்கடகிரி ராஜா சத்திரம்’ என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பெரிய ஜமீனின் பெயர் வந்ததால் சின்ன மணியக்காரரின் பெயர் அழியவில்லை. பேர் தெரியாத ஒரு கிராமத்து அதிகாரி முன்னால் நிற்கிறார், ராஜா பின்னால் வருகிறார்.

அதே சுற்றுவட்டாரத்தில் ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கட்டிவைத்த பிரசவ ஆஸ்பத்திரியும் பின்னாளில் ஸ்டான்லியோடு இணைந்தது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்ற நான்கு எழுத்தாக அவர் பெயர் இன்றும் ராயபுரத்தில் நிற்கிறது. அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைகளில் எத்தனை லட்சம் பேரின் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறதோ!

காளங்கி ஆற்றங்கரையில்

ராயபுரத்திலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போனால் சூளூர்பேட்டை. சென்னையிலிருந்து புறநகர் மின்சார ரயிலே போகிறது. காளங்கி ஆறு, இரவும் பகலும் நடை சாத்தாத செங்காளம்மன் கோயில், கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9ஆம் தேதி ரோகிணி 125 என்ற சிறு ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பியது. அன்றிலிருந்து இந்த ஊருக்கு உலகப் படத்தில் ஒரு இடம் உண்டு. அந்தத் தீவுக்குள் காலங்காலமாக இருந்த யானாதிப் பழங்குடியினருக்கு இடம் பெயர வேண்டி வந்ததும் அதே காலத்துச் செய்திதான்.

நிர்வாகப் படத்திலும் ஊர் இடம் மாறியது. நீண்ட காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்பேட்டை, 2022 ஏப்ரல் 4ஆம் தேதி முதல் திருப்பதி மாவட்டம். கடைத்தெருவில் தெலுங்கு கேட்கும், அடுத்த வரியிலேயே தமிழ் கேட்கும். தடா, ஆரம்பாக்கம் பக்கம் போகப் போகத் தமிழ் கூடும்.

இப்படிப்பட்ட ஊர்களில் தர்மம் செய்யும் அமைப்புகளுக்குக் குறைவே இருக்காது. சந்தைக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அன்னதானக் குழு, பள்ளிக்கூட நண்பர்கள் தொடங்கிய ரத்ததானச் சங்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நோட்டுப் புத்தக நிதி, ஜாதிச் சங்கத்தின் கல்வி உதவி, லயன்ஸ், ரோட்டரி, கோயிலைச் சார்ந்த குழுக்கள், சர்ச் சார்ந்தவை, மசூதி சார்ந்தவை. சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி இலவசமாகக் கொடுப்பதற்கென்றே சில ஊர்களில் அமைப்பு உண்டு. பாதிக்கு மேல் ஒரு மனிதர், ஒரு பீரோ, ஒரு ரசீதுப் புத்தகம். அந்த மனிதருக்கு வயதாகிவிட்டால் அமைப்புக்கும் வயதாகிவிடும். பிள்ளைகள் ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். நன்கொடை அனுப்புவார்கள்; பந்தியில் பரிமாற வர முடியாது.

இணைப்புப் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இன்னொரு காரணமும் சமீப காலத்தில் சேர்ந்திருக்கிறது. தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் பெரிய பெரிய தொழிற்சாலைகள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்க விரும்பும் தொண்டு நிறுவனம், வருமான வரித் துறைப் பதிவும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகாரத் துறையிடம் தனியாகப் பதிவும் செய்ய வேண்டும். பீரோவும் ரசீதுப் புத்தகமும் மட்டும் வைத்திருப்பவர் அந்தக் கதவைத் தட்ட முடியாது. ஆடிட்டர் வேண்டும், கணக்காளர் வேண்டும். ஒருவரால் முடியாதது இருவர் சேர்ந்தால் முடியலாம்.

வெள்ளம் வரும்போது மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியும். 2015 நவம்பர் மழை, 2021 நவம்பரில் திருப்பதியையும் நெல்லூரையும் மூழ்கடித்த வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று இந்தக் கரை சளைக்காமல் அடி வாங்குகிறது. அப்போதெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துக் குடியிருப்புகளுக்கு ஒரே நாளில் நான்கு அமைப்புகளின் புளிசாதப் பொட்டலம் வந்து சேரும். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையில் இருக்கும் குப்பங்களுக்கு ஒன்றும் போகாது. எல்லோரும் நல்ல மனதோடு வந்தவர்கள்தான். யார் எங்கே போவது என்று பேசிக்கொள்ள ஆளில்லை, அவ்வளவே. இரண்டு அமைப்புகள் ஒன்றாக இருந்திருந்தால் ஒரு வண்டி சாலையோரமும் இன்னொன்று குப்பத்துக்கும் போயிருக்கும். இணைப்புக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது?

தர்ம அமைப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் சட்டத்தின் முன் அவை ஒன்றல்ல. சங்கமாகப் பதிந்தது ஒரு வகை, அறக்கட்டளையாகப் பத்திரம் எழுதியது இன்னொரு வகை. இணைக்கும் வழி இரண்டுக்கும் வேறு.

சங்கங்களுக்கான தாய்ச் சட்டம் 1860ஆம் ஆண்டினுடையது. அதன் 12ஆம் பிரிவு இணைப்பைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. ஒரு சங்கம் தன்னை வேறொரு சங்கத்தோடு முழுதாகவோ பகுதியாகவோ சேர்க்க நினைத்தால், நிர்வாகக் குழு அதை எழுத்தில் வைத்து, சிறப்புப் பொதுக்குழு கூடுவதற்குப் பத்து நாள் முன்பே ஒவ்வொரு உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினரின் வாக்கு வேண்டும். அத்தோடு முடியாது. ஒரு மாத இடைவெளி விட்டு இரண்டாவது முறை கூடி, வந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் அதை உறுதிப்படுத்த வேண்டும். தமிழ்நாடு 1975இலும் ஆந்திரம் 2001இலும் தமக்கென்று தனிச் சட்டங்கள் இயற்றிக்கொண்டன. ஆகவே நடைமுறையை அந்தந்த மாநிலப் பதிவாளரிடம் கேட்டே செய்ய வேண்டும். ஆனால் பழைய சட்டத்தில் இருக்கும் அந்த ஒரு மாத இடைவெளி அருமையான யோசனை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அறக்கட்டளையில் உறுப்பினர் கிடையாது, அறங்காவலர்தான். எழுதிவைத்தவர் பத்திரத்தில் இணைப்புக்கு இடம் கொடுத்திருந்தால் வழி சுலபம். இல்லாவிட்டால், பொது அறக்கட்டளை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்குப் போய்த் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போட, அறக்கட்டளையில் நலன் உள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியோடு முன்வந்தால் போதும். நலன் உள்ளவர் யார்? அந்தச் சத்திரத்தில் சாப்பிடுகிறவர், அந்த விடுதியில் படிக்கிற பிள்ளையின் தகப்பனார். அவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கக்கூடும். ஆனால் மூன்று வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர் மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வழக்காடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

வரிச் சட்டம் இன்னொரு பொறியை வைத்திருக்கிறது. வருமான வரிச் சட்டத்துக்குள் 2016இல் வந்த விதிப்படி, வரிவிலக்குப் பதிவு பெற்ற ஒரு அறக்கட்டளை, அதே மாதிரி நோக்கமோ பதிவோ இல்லாத ஒன்றோடு இணைந்தால், சொத்தின் சந்தை மதிப்பிலிருந்து கடனைக் கழித்து மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி கட்ட வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு புண்ணியவான் எழுதிக் கொடுத்த கால் ஏக்கர் மனை இன்று நெடுஞ்சாலை ஓரமாகி, மதிப்பு பல மடங்கு ஏறியிருக்கும். அவசரப்பட்டு இணைந்தால் அந்த மனையையே விற்று வரி கட்டும் நிலை வரலாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. டெல்லியில் ஸ்டேட் பேங்க்கின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் அது வந்து இறங்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அனுப்புகிறாரா, அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டாரா என்பதைக்கூடப் பொருளாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு விதிகளையும் படித்துப் பாருங்கள். உறுப்பினரைக் கேட்கச் சொல்கிறது, பதிவாளரைக் கேட்கச் சொல்கிறது, வரித்துறையைக் கேட்கச் சொல்கிறது. பயன்பெறுகிறவரைக் கூப்பிட்டு, ‘இனி அன்னதானம் பேருந்து நிலையத்தில் கிடையாது, அந்தப் பக்கத்து மண்டபத்தில்தான், உங்களால் அவ்வளவு தூரம் வர முடியுமா?’ என்று கேட்கச் சொல்லும் விதி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. எல்லா இணைப்புகளுக்கும் அடியில் இருக்கும் குறை இதுதான். இணைப்பால் மிகவும் பாதிக்கப்படக்கூடியவருக்கு அதில் வாக்கு இல்லை.

கரைந்துபோன ஒரு கல்விச் சங்கம்

வாக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நல்லவர்களே கூடி நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு இணைப்பைச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு தமிழர்கள் இருக்கிறார்கள்.

காந்தி தன் நிர்மாணப் பணிகளுக்குத் தனித்தனி அமைப்புகள் வைத்திருந்தார். கதருக்கு 1925இல் சர்க்கா சங்கம். கிராமக் கைத்தொழிலுக்கு 1934இல் ஒரு சங்கம். அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஆதாரக் கல்விக்கு 1938இல் ஹிந்துஸ்தானி தாலிமி சங்கம். அதன் பொறுப்பில் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷா தேவியும். காந்தி மறைந்தபின் 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் கூடியவர்கள், சிதறிக் கிடப்பதைவிட ஒன்றாவது மேல் என்று சர்வ சேவா சங்கத்தை உண்டாக்கினார்கள். அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அதற்குள் சேர்ந்தன. கடைசியாக, 1959இல், தாலிமி சங்கமும் சேர்ந்தது.

அதற்குள் 1951இல் போச்சம்பள்ளியில் வினோபாவின் பூமிதானம் பிறந்து, இயக்கத்தின் மொத்த மூச்சும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நிலமில்லாதவருக்கு நிலம் என்பது மகத்தான காரியம். ஆனால் சேவாகிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நூல் நூற்று, தோட்டம் போட்டு, அதன் வழியே கணக்கும் மொழியும் கற்ற குழந்தைகளுக்கு அது எப்படிப் பதிலாகும்? தனி அமைப்பாக இருந்தபோது அந்தக் குழந்தைகளுக்காகப் பேச ஒரு நாற்காலி இருந்தது. பெரிய அமைப்புக்குள் போனபின் அந்த நாற்காலி பலவற்றில் ஒன்று. ஆதாரக் கல்வி மெலிந்ததற்கு அரசின் அக்கறையின்மை பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கென்று உயிரைக் கொடுத்த ஒரே அகில இந்திய அமைப்பும் கரைந்துபோனது அதன் நலிவை விரைவுபடுத்தியது என்றே நினைக்கிறேன்.

குமரப்பாவைப் பற்றி இன்னொன்றும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய பூகம்பத்துக்குப் பிறகு நிவாரண நிதியின் கணக்கு அவர் கையில் இருந்தது. காந்தியே தன் குழுவினரோடு அங்கே வந்தபோதும், அவர்களின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். இடிந்த வீட்டுக்காரனுக்கு என்று கொடுத்த பணம் இடிந்த வீட்டுக்காரனுக்கே. இணையும் அமைப்புகளின் பொருளாளர்களுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டும். ரத்ததானத்துக்கு என்று வாங்கியது, நோட்டுப் புத்தகத்துக்கு என்று வாங்கியது, ஒரு குறிப்பிட்ட தேதியில் அன்னதானம் செய்யச் சொல்லி ஒரு விதவைத் தாய் மகன் நினைவாகப் போட்ட வைப்புத்தொகை – எல்லாம் ஒரே கணக்கில் கொட்டிக் கலக்கப்பட்டால், மறுவருஷம் அந்தத் தேதியை நினைவு வைத்துக்கொள்ள யார் இருப்பார்கள்?

கொடுத்தவர் சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் உயில் நம் முன் இருக்கிறது. அவர் 1794இல் காலமானார். கோயில் தர்மங்களுக்கென்று விட்டுப்போன பெரும் செல்வம் பல கைகளில் சிக்கி, வழக்காகி, வட்டியோடு வளர்ந்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் காலத்தில் நீதிமன்றம் வகுத்த ஏற்பாட்டின்படி, அவர் எழுதிய தர்மங்களுக்குப் போக மிஞ்சியது கல்விக்குத் திரும்பியது. 1842இல் பள்ளிக்கூடம் திறந்தது. பின்னால் வந்த கொடையாளிகள் பலரும் தங்கள் தர்மத்தை அதே நிர்வாகத்திடம் நம்பி ஒப்படைத்தார்கள். மிஞ்சியதைத்தான் புது வழிக்குத் திருப்பினார்கள், எழுதிவைத்ததை முதலில் நிறைவேற்றினார்கள். அந்த முறையே அவர்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும்.

மதனப்பள்ளி சொல்லும் வழி

எல்லா இடத்திலும் முழு இணைப்புதான் தேவை என்பதும் இல்லை. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் நடந்ததைப் பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அதற்கு முன்னால் நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கான ஓய்வு இவைதான் வைத்தியம். தென்னிந்தியாவில் வேலை செய்த ஒவ்வொரு மிஷனிடமும் நோயாளிகள் இருந்தார்கள். அத்தனை மாதம் ஒருவரைப் படுக்க வைத்துச் சாப்பாடு போட எந்த ஒரு மிஷனாலும் தனியாக முடியவில்லை. அமெரிக்கன் ஆற்காடு மிஷன் உட்படப் பல மிஷன்கள், நாடும் சபையும் வேறு வேறாக இருந்தும், தங்கள் மற்ற வேலைகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, காசநோய் ஒன்றுக்கு மட்டும் சேர்ந்து ஒரு சானடோரியம் கட்டின. 1915இல் அது மதனப்பள்ளிக்கு அருகே திறக்கப்பட்டது. ஆரோக்கியவரம் என்று பெயர். டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் அதன் தலைமை மருத்துவராக இருந்து வளர்த்தார். 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி போடத் தொடங்கிய முதல் இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று.

அங்கே யாரும் தங்கள் பெயரை அழித்துக்கொள்ளவில்லை, தலைவர் பதவிக்காகச் சண்டை போட்டு உடையவும் இல்லை. தனியாகச் செய்ய முடியாத ஒரு வேலையைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் கை கோத்தார்கள். சூளூர்பேட்டை மாதிரி ஊர்களில் இது இன்றே நடக்கலாம். முழு இணைப்புக்கு முன் ஒரு மழைக்காலம் மட்டும் இரண்டு அமைப்பும் ஒரே சமையற்கூடத்தில் சமைத்துப் பார்க்கட்டும். ஒரே ரத்தக்கொடையாளர் பட்டியலை வைத்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நடுராத்திரி போன் வந்தால் யார் எடுப்பது என்று ஒரு முறை வகுத்துக்கொள்ளட்டும். வேலையில் ஒத்துப்போகாத இரண்டு குழுக்களைப் பத்திரம் ஒத்துப்போக வைக்காது.

ஒத்துப்போனால், தாராளமாக இணையலாம், இணையவும் வேண்டும். வயதாகித் தளர்ந்த ஒரு செயலாளர் தன் பீரோச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தவிப்பதைவிட, இன்னொரு அமைப்பின் இளைஞர்களிடம் கொடுப்பது எத்தனையோ மேல். அவர் போனபின் பீரோ பூட்டியே கிடந்து, வங்கிக் கணக்கு முடங்கி, மனை ஆக்கிரமிப்புக்குப் போன தர்மங்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கொஞ்சமா? சாகவிடுவதைவிடச் சேர்ப்பதே தர்மம். ஆனால் சேர்க்கும்போது சில விஷயங்களைப் பேச்சோடு விடாமல் ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். இரண்டு பெயரும் பலகையில் இருக்கும் என்று எழுதலாம்; வெங்கடகிரி ராஜாவும் மணியக்காரரும் இவ்வளவு காலம் ஒரே பலகையில் இருக்கிறார்களே. குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணம் தனிக் கணக்கில் இருக்கும் என்று எழுதலாம். நடந்துகொண்டிருக்கும் எந்த உதவியும் குறைந்தது ஓராண்டுக்கு நிறுத்தப்படாது, இடமும் நேரமும் மாற்றப்படாது என்று எழுதலாம். சின்ன அமைப்பிலிருந்து வருகிறவர்களுக்கு நிர்வாகக் குழுவில் இத்தனை இடம், இத்தனை வருஷத்துக்கு என்றும் எழுதலாம். எழுதாவிட்டால் முதல் பொதுக்குழுவிலேயே அவர்கள் பின் வரிசைக்குப் போய்விடுவார்கள்.

இனி அந்த ஒரு மாதம். முதல் கூட்டத்துக்கும் உறுதிப்படுத்தும் கூட்டத்துக்கும் நடுவே 1860ஆம் ஆண்டுச் சட்டம் விட்டிருக்கும் இடைவெளி, உறுப்பினர்கள் நிதானமாக யோசிக்கட்டும் என்பதற்காக வந்தது. உங்கள் மாநிலச் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் இரண்டு அமைப்பின் செயலாளர்களும் ஒரே வண்டியில் ஏறி, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, இதுவரை யாருக்கெல்லாம் கொடுத்தார்களோ அவர்களின் வாசலுக்குப் போகட்டும். ஏரிக்கரை மீனவர் குப்பத்துக்கு, யானாதிக் குடியிருப்புக்கு, மாதாமாதம் அரிசி வாங்கும் தனிக்கட்டைப் பாட்டியின் வீட்டுக்கு, கல்லூரிக் கட்டணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு. தெலுங்கில் பேச வேண்டிய இடத்தில் தெலுங்கிலும் தமிழில் பேச வேண்டிய இடத்தில் தமிழிலும், என்ன மாறப்போகிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். இரண்டாவது கூட்டத்தில் கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் அந்த நோட்டை உரக்கப் படிக்கட்டும்.